வீட்டுப் பெரியவரை நன்றியோடு நினைவுகூர்வது எப்படி? வடசென்னைக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து காசிமேடு வரை நடந்துபோனால் சுவருக்குச் சுவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். ‘பாசத்தின் சிகரம்’, ‘பண்பின் இருப்பிடம்’, ‘குடும்பத்தின் குலவிளக்கு’. படத்தையும் பெயரையும் மாற்றினால் அதே போஸ்டரை அடுத்த வீட்டுக்கும் ஒட்டலாம். நினைவு ஆராதனைகளும் பல வீடுகளில் அப்படித்தான் ஆகிவிடுகின்றன. ஒருவர் எழுந்து ‘அவர் ஒரு ஜெப வீரர்’ என்பார். இன்னொருவர் அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்வார். அப்புறம் பிரியாணி. எண்பது வருஷம் வாழ்ந்த ஆயாவைப் பற்றி அன்று வந்த பேரப்பிள்ளை புதிதாக ஒன்றையும் தெரிந்துகொண்டு போயிருக்காது.

வேதத்தில் இதற்கு நல்ல மாதிரி இருக்கிறது. அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில், யோப்பா என்ற துறைமுக ஊரில் தபீத்தாள் என்ற தொற்காள் இறந்துபோகிறாள். பேதுரு மேல்வீட்டுக்கு ஏறி வரும்போது அங்கே கூடியிருந்த விதவைகள் அவளுடைய குணநலன்களைப் பற்றிப் பிரசங்கம் வைக்கவில்லை. அவள் தங்களோடுகூட இருக்கையில் ‘செய்திருந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காண்பித்து’ அழுதுகொண்டு நின்றார்கள். எனக்கு அவள் தைத்துக் கொடுத்தது இதுதான் என்று கையில் எடுத்துக் காட்டினார்கள். நாமும் அதையே செய்யலாம். ஆயாவோ தாத்தாவோ செய்த காரியங்களைத் தேடி எடுத்து, பெயர் சொல்லி, எல்லார் முன்னும் வைத்து, அவரைக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்வது. அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. முதல் வாரம்: அறையைச் சுத்தம் செய்யாதீர்கள்

அடக்கம் முடிந்த மறுநாளே யாராவது ஒரு சித்தி துடைப்பத்தோடு ஆயாவின் மூலைக்குப் போய்விடுவார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் நினைவுகூர வேண்டியதில் பாதி அந்த மூலையில்தான் கிடக்கிறது. ஒரு நல்ல அட்டைப்பெட்டி வாங்கி, அவருடைய வேதாகமம், ஜெபப் புத்தகம், செபமாலை, மூக்குக் கண்ணாடி, பால் கணக்கு நோட்டு, கடிதங்கள், பழைய ரேஷன் கார்டு எல்லாவற்றையும் இருக்கிற நிலையிலேயே அதில் வையுங்கள். புத்தகத்துக்குள் செருகியிருக்கும் தாள்களை உருவாதீர்கள். எந்தப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல்தான்.

என் ஆயாவின் ஜெபப் புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகியிருந்தவை காலியான பிரஷர் மாத்திரை அட்டை, ஒரு ரீசார்ஜ் கூப்பன், பேரனின் பள்ளிக்கூட ஐடி கார்டு. பின்னட்டையின் உள்பக்கத்தில் நீல பால்பாயிண்ட் பேனாவில் வரிசையாகப் பெயர்கள். அவர் தினமும் யார் யாருக்காக ஜெபித்தார் என்ற பட்டியல் அது. காரியம் கைகூடிய பெயர்களுக்குப் பக்கத்தில் சின்ன சிலுவைக் குறி. குறி போடாமல் நின்ற பெயர்களில் ஒன்று, தண்ணீர் விஷயத்தில் அவரோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்ட வீட்டு ஓனருடையது. ஜெப வீரர் என்று ஆயிரம் தடவை சொன்னாலும் அந்த ஒரு பெயருக்கு ஈடாகுமா?

அடுத்து போன். சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் கொஞ்ச நாளில் எண் வேறு யாருக்காவது போய்விடும், வாட்ஸ்அப் கணக்கும் போய்விடும். அதற்கு முன்பே படங்களையும் குரல் செய்திகளையும் கணினிக்கோ பென்டிரைவுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். அவர் உங்களுக்கு அனுப்பிய குரல் செய்திகள் உங்கள் போனிலும் இருக்கும். ‘சாப்ட்டியா, மழ வருதாம், குடை எடுத்துனு போ’ என்ற பத்து வினாடிதான் இருக்கட்டுமே. பிற்பாடு எந்தப் புகைப்படத்தைவிடவும் அதைத்தான் கேட்பார்கள்.

2. பெயரும் தேதியும்

கல்லில் பொறிக்கவும் அறிவிப்பு போடவும் சரியான விவரம் வேண்டும். நம் பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதி இன்னொன்று. உண்மைக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் திருமுழுக்குப் பதிவேடுதான். ராயபுரம் தூய பேதுரு ஆலயமோ பெரம்பூர் லூர்து மாதா ஆலயமோ, எங்கே ஞானஸ்நானம் பெற்றார் என்று தெரிந்தால் அந்தப் பங்கு அலுவலகத்தில் தோராயமான வருஷத்தைச் சொல்லிக் கேளுங்கள். திருமணப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் சாட்சிகள் பெயரும் இருக்கும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, தெருவே கூப்பிட்ட பெயர் வேறு என்றால் இரண்டையும் போடுங்கள். கூப்பிட்ட பெயர் இல்லாத அறிவிப்பைப் பார்த்து மார்க்கெட்காரர்கள் யாரோ என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

இறப்பை 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிவு செய்துவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சான்றிதழில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கையோடு பார்த்துவிடுங்கள்.

3. நினைவுகளைச் சேகரிப்பது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் தாங்களாகவே கதை சொல்வார்கள். அந்தப் பதினைந்து இருபது நாள் போனால் அந்தக் கதைகள் திரும்ப வராது. ஒரு பேரனோ பேத்தியோ போனில் ரெக்கார்டரைப் போட்டு, அனுமதி கேட்டுப் பதிவு செய்யட்டும். இளசுகள் கேட்டால் பெரியவர்கள் ஆசையாகவே சொல்வார்கள்.

‘ஆயா எப்படிப்பட்டவங்க?’ என்று கேட்டால் ‘தங்கமானவங்க’ என்றுதான் பதில் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். அவர் கையால் கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்? உங்களை எதற்காகத் திட்டினார்? கடன் கொடுத்தாரா, வாங்கினாரா? கோயிலில் எந்த இடத்தில் உட்காருவார்? எந்தப் பாட்டுக்குக் குரல் உயரும்? யாரிடம் பேசாமல் இருந்தார், பிறகு எப்படிப் பேச ஆரம்பித்தார்?

நம் பகுதியின் சரித்திரத்தையும் கேள்விக்குள் கொண்டுவாருங்கள். தாத்தா பெரம்பூர் பின்னி துணி மில்லில் வேலை பார்த்தவரா? 1996இல் மில் மூடிய பிறகு வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? யார் வேலைக்குப் போனார்கள், எந்த நகை அடகுக்குப் போனது, எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது, எது நிற்காமல் காப்பாற்றப்பட்டது? கடலோரக் குடும்பம் என்றால் 2004 டிசம்பர் 26ஐப் பற்றிக் கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தபோது அவர் எங்கே இருந்தார், யாரை வீட்டில் சேர்த்துக்கொண்டார்? 2015 வெள்ளத்தில் எந்த மாடியில் ஏறி நின்றார்? இப்படிக் கேட்டால்தான் நாம் யாருக்கு, எதற்காகக் கடன்பட்டிருக்கிறோம் என்பது தெரியவரும். அந்தக் கணக்கு தெரியாமல் நன்றி சொன்னால் அது வாய்வார்த்தைதான்.

யாரைக் கேட்பது? உறவினர்களைவிட வெளியாட்களிடம்தான் அரிய விஷயங்கள் கிடைக்கும். அன்பியத்தில் (தெருவாரியான கத்தோலிக்க ஜெபக் குழு) கூட இருந்தவர்கள், மரியாயின் சேனை என்ற மாதா பக்திக் குழுவினர், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் பெண்கள் ஐக்கிய சங்கத்தார், பாடகர் குழு, காலையில் பால் போட்டவர், மீன் கொண்டுவந்த அம்மா, பக்கத்து வீட்டு பாய், எதிர்வீட்டு அம்மன் கோயில் பூசாரி. நம் தெருக்கள் கலப்புத் தெருக்கள். ஆயா யாருக்கெல்லாம் கிறிஸ்துமஸ் கேக் அனுப்பினார், பதிலுக்கு ரம்ஜான் கஞ்சி எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் பதிய வேண்டிய செய்தி.

4. எப்போது, எங்கே, எந்த முறையில்

பதினாறாம் நாளா, முப்பதா, வருஷ முடிவா என்பது வீட்டுக்கு வீடு மாறும். வேதத்தில் இதற்கென்று நாள் குறிக்கவில்லை, அதனால் வெளியூர்ப் பிள்ளைகள் வரக்கூடிய நாளாகப் பாருங்கள். தவக்காலமாக இருந்தால் சாப்பாடு சைவமாகத்தான் இருக்கும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல் வேறு. வடசென்னையில் ஒரே குடும்பத்தில் அண்ணன் கத்தோலிக்கர், தம்பி சிஎஸ்ஐ, மருமகள் வீட்டார் பெந்தெகொஸ்தே என்று இருப்பது சாதாரணம். ஒரு தரப்பு ஆயாவின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை வைக்க வேண்டும் என்று சொல்லும். இறந்தவர்களுக்காக மன்றாடுவது மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது என்று காட்டும். மற்றத் தரப்பின் வேதாகமத்தில் அந்த நூலே இல்லை. ‘அவர் கர்த்தரிடம் போய்விட்டார், அவருக்காக ஏன் ஜெபிக்க வேண்டும்?’ என்று கேட்கும். இந்த விவாதத்தை நினைவு நாளன்று தீர்க்க முடியாது, தீர்க்க முயலவும் வேண்டாம்.

என் யோசனை இது. ஆலயத்தில் நடப்பது ஆயா எந்தச் சபையைச் சேர்ந்தவரோ அந்தச் சபை முறைப்படி மட்டும் நடக்கட்டும். கத்தோலிக்கர் என்றால் திருப்பலி, பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே கருத்து (யாருக்காகப் பூசை என்ற குறிப்பு) எழுதிக் கொடுத்துவிடுங்கள். விருப்பம் இல்லாதவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கலாம். அது அவருக்குச் செய்யும் மரியாதை. வீட்டில் நடக்கும் கூட்டத்தை முழுக்க நன்றி ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றிக்கு ஆமென் சொல்லாத சபை கிடையாது. ஃபாதரோ சிஎஸ்ஐ ஐயரோ பாஸ்டரோ, யார் வந்தாலும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டு ஜெபத்துக்கு ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் வீட்டு விவரத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்:

‘ஆண்டவரே, எங்கள் ஆயாவை எங்களுக்குக் கொடுத்தீரே, உமக்கு நன்றி. மில் மூடிய வருஷம் அவர் இட்லி விற்றுக் கட்டிய பள்ளிக்கூட ஃபீஸுக்காக நன்றி. எங்களை அடித்த கைக்காகவும், இரவில் அதே கையால் தைலம் தேய்த்ததற்காகவும் நன்றி. எங்களுக்கு இன்னும் அழுகை வருகிறது. நீரும் லாசருவின் கல்லறையில் கண்ணீர் விட்டவர், உமக்குத் தெரியும். நீர் வாக்குக் கொடுத்த உயிர்த்தெழுதலின் நாளில் அவரை நாங்கள் காணச் செய்யும். ஆமென்.’

5. பேசுபவருக்கு

ஒருவரோ இருவரோ பேசினால் போதும். ஆளுக்கு ஐந்து நிமிடம். எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். மனப்பாடமாகப் பேச நினைத்தால் பாதியில் தொண்டை அடைக்கும்போது விட்ட இடம் தெரியாது. தாளின் நகல் ஒன்றைத் தம்பி கையில் கொடுத்து வையுங்கள், நீங்கள் நின்ற இடத்திலிருந்து அவர் படிப்பார்.

எழுதும்போது ஒவ்வொரு புகழ்ச் சொல்லையும் அடித்துவிட்டு, அதன் இடத்தில் நடந்த ஒன்றை வையுங்கள். ‘ஏழைகளுக்கு இரங்கியவர்’ என்பதை அடியுங்கள். ‘குழம்பு கொதிக்கும்போது வாசலில் யாராவது நின்றால் ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே ஊற்றி எல்லாருக்கும் பரிமாறுவார்’ என்று எழுதுங்கள். கேட்பவர்களே முடிவுக்கு வந்துகொள்வார்கள்.

குறைகளைச் சொல்லலாமா? சொல்லலாம், சிரிப்பு வருகிற அளவுக்கு. முன்கோபம், மூக்குப்பொடி, மூத்த பேரனுக்கு மட்டும் ரகசியமாகக் கொடுத்த பத்து ரூபாய். இதெல்லாம் இல்லாமல் பேசினால் வந்தவர்கள் வேறு யாரோ ஒருவருடைய கூட்டத்துக்கு வந்துவிட்டதாக நினைப்பார்கள். காயம் ஆறாத விஷயங்களை, குறிப்பாக வீடு, நகை, பாகப்பிரிவினை, அன்றைக்குத் தொடவே கூடாது. அவரால் நிஜமாகவே காயப்பட்டவர் வீட்டில் இருந்தால் அவரைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

இந்த விஷயத்தில் நம் கானாக்காரர்களிடம் கற்க வேண்டியது நிறைய. சாவு வீட்டில் இரவு முழுக்க மரண கானா பாடுவது வடசென்னை வழக்கம். பாட வருகிறவர் முதலில் வீட்டாரிடம் பெயர், தொழில், பிள்ளைகள், பேரன் பேத்தி என்று விசாரித்து அதையெல்லாம் பாட்டில் கோத்துவிடுவார். சபையில் சிலர் முகம் சுளிக்கலாம். கானா தெருவில் அதன் இரவில் நடக்கட்டும், ஆலயத்தில் கீதங்களும் கீர்த்தனைகளும் பாடட்டும் என்பது என் கட்சி.

6. வசனமும் பாட்டும்

வசனத்தை அவருடைய வேதாகமத்திலிருந்தே படியுங்கள். கோடு போட்ட இடம், அழுக்கான பக்கம், அதுதான் அவர் வசனம். பழைய மொழிபெயர்ப்பிலேயே வளர்ந்தவருக்கு ‘கர்த்தர்’ என்றுதான் இருக்கும். 1995இல் வந்த திருவிவிலியத்தில் ‘ஆண்டவர்’. அவர் வாயில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும்.

ஒன்றும் கிடைக்கவில்லையா? தாத்தா பாட்டிக்கு மிகப் பொருத்தமானது 2 தீமோத்தேயு 1:5. தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவனுடைய பாட்டி லோவிசாளிடம் இருந்தது என்று பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார். நீண்ட நோய்க்குப் பின் போனவர் என்றால் சங்கீதம் 23. யோவான் 14இல் ‘என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு’ என்ற வசனம், வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவருக்குப் படிக்கும்போது தனிக் கனம் பெறும்.

ஒரு எச்சரிக்கை. ‘விசுவாசிகள் அழக் கூடாது’ என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டு வருவார். 1 தெசலோனிக்கேயர் 4:13ஐ மேற்கோளும் காட்டுவார். ‘நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து’ என்றுதான் அங்கே இருக்கிறது. துக்கமே கூடாது என்று பவுல் எழுதவில்லை. லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். ஒப்பாரி வைக்கிற அத்தையை அடக்காதீர்கள்.

பிள்ளைகளிடம் நேராகப் பேசுங்கள். ‘சாமி கூட்டிட்டுப் போயிட்டார்’ என்றால் நாளைக்கு அம்மாவையும் கூட்டிப்போவாரோ என்று பயப்படும். ‘தூங்குறாங்க’ என்றால் ராத்திரி தூங்கப் பயப்படும். ‘ஆயா இறந்துட்டாங்க, உடம்பைக் கல்லறையில் வெச்சிருக்கோம், இயேசு மறுபடியும் எழுப்புவார்னு நம்புறோம்’ என்று சொன்னால் புரிந்துகொள்ளும்.

7. சாப்பாடும் தானமும்

பிரியாணி வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஆயாவின் கைப்பக்குவத்தில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். நெத்திலிக் குழம்போ சுறாப்புட்டோ, அவர் பெயர் சொன்னால் நாக்கில் வருவது எதுவோ அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது நினைவு நாள் வந்தால் பெரிய மீன் விலை எகிறும், கருவாட்டுக் குழம்பை வைத்துச் சமாளியுங்கள்.

ஃப்ளெக்ஸ் வைக்க மாநகராட்சி அனுமதி வேண்டும், காசும் அதிகம். அந்தப் பணத்தைப் ஏழைகளுக்கு உதவும் பங்கு வின்சென்ட் தே பால் சபையிடம் கொடுத்தால் ஏதோ ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு முடியும். இதை மேடையில் அறிவிக்கத் தேவையில்லை.

8. கல்லறை

காசிமேடு கல்லறையைப் பல சபையாரும் பயன்படுத்துகிறார்கள். கீழ்ப்பாக்கம் கல்லறையும் இதுவும் மெட்ராஸ் செமட்ரீஸ் போர்டு நிர்வாகத்தில் இருப்பவை. கல் வைப்பதற்கு முன்பு அங்கே அலுவலகத்தில் அளவையும் கட்டணத்தையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இடுகாட்டு வாசலில் வாய்மொழியாகப் பேரம் பேசுவது வேண்டாத வம்பு. ரசீதுகளை ஒரு உறையில் போட்டு ஞானஸ்நானச் சான்றிதழோடு வையுங்கள். குடும்பக் கல்லறையை அடுத்த முறை திறக்க வேண்டி வந்தால் அந்தக் காகிதத்தைத்தான் தேடுவீர்கள்.

அடக்கம் முடிந்ததும் கல் பதிக்க அவசரப்படாதீர்கள். புது மண் இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இன்னும் இறங்கும். அதற்குள் கல்லை வைத்தால் ஒரு பக்கம் சாயும். மழை முடிந்து, தை பிறந்த பிறகு வேலையை ஆரம்பிப்பது உத்தமம். கடல் காற்றில் இரும்புச் சிலுவை சீக்கிரம் துருப்பிடிக்கும், சலவைக்கல் மங்கும். கருங்கல் கிரானைட்டில் எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், மேலே வெறுமனே பெயிண்டில் எழுதுவது நிற்காது. வெட்டும் முன் வாசகத்தைத் தாளில் எழுதி, வீட்டில் தமிழ் நன்றாகத் தெரிந்தவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பதில் ஒற்று விட்டுப்போன கற்கள் அங்கே ஏராளம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்பதால் அன்று கூட்டம் நெரியும், மழையும் பெரும்பாலும் இருக்கும். புல் பிடுங்குவது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாவற்றையும் அக்டோபர் கடைசி வாரத்தில் முடித்துவிடுங்கள். அன்று மெழுகுவத்தியை வெறுமனே நட்டால் காற்றில் நிற்காது, கண்ணாடி டம்ளருக்குள் வையுங்கள். வயதானவர்களை வெயிலுக்கு முன், காலையிலேயே கூட்டிப்போய் வந்துவிடுவது நல்லது.

9. அதன் பிறகு

வருஷ முடிவுக்குப் பிறகு நினைவுகூர்வது என்றால் அவர் விட்டுப்போன வேலைகளை யார் செய்வது என்பதுதான். சேகரித்த குரல் பதிவுகளையும் படங்களையும் ஒரே இடத்தில் போட்டு, குடும்பத்தில் மூன்று பேரிடமாவது நகல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் உட்கார்ந்து, ஆயா வழக்கமாகச் செய்துகொண்டிருந்தவற்றை எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போவது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தெருக்காரர் யாராவது சேர்ந்திருந்தால் கஞ்சி கொண்டுபோவது. ஊரில் இருக்கும் தங்கைக்கு மாதாமாதம் போன் செய்வது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். எல்லாவற்றையும் ஒருவரே சுமந்தால் மூன்று மாதம் தாண்டாது.

ஜெபப் பட்டியல் கிடைத்திருந்தால் அந்தப் பெயர்களையும் இப்படியே பங்கு போடுங்கள். எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறவர்களை எடுத்துக்கொண்டார்கள், அம்மா நோயாளிகளை எடுத்துக்கொண்டார். அந்த வீட்டு ஓனர் மட்டும் மிச்சம் இருந்தார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில், தண்ணீர்ச் சண்டையில் அவரோடு அதிகம் மல்லுக்கு நின்ற மாமாவின் தலையிலேயே கட்டிவிட்டோம்.